அழுத்திப் பார்க்காத கண்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ‘அமுக்கு டாக்டர்’ என்று பெயர். வெளியாள் யாராவது கேட்டால் எதையோ சுருட்டுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. கண்புரை ஆபரேஷன் முடிந்ததும், முகத்தில் போர்த்திய துணியை எடுப்பதற்கு முன்னால், அவள் ஒரு சின்னப் பஞ்சு முனையை எடுத்து, கருவிழி ஓரத்தில் தான் போட்ட வெட்டின் விளிம்பில் வைத்து அழுத்துவாள். பேருக்குத் தொடுவதெல்லாம் கிடையாது, அழுத்தத்தான் செய்வாள். படுத்திருப்பவர் ‘ஸ்ஸ்’ என்பார். அது காதில் விழாத மாதிரி இன்னொரு தடவை அழுத்துவாள்.

இப்போதெல்லாம் இந்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலும் தையல் போடுவதில்லை. ஓர் அரிசி நுழையும் அளவுக்கு வெட்டு. அதன் வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மடித்த லென்ஸை உள்ளே விட்டு விரித்தால் வேலை முடிந்தது. வெட்டின் இரண்டு உதடுகளும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குள் இருக்கும் நீரே உள்ளிருந்து முட்டிக்கொடுத்து அதை மூடி வைத்திருக்கும். ஆனால் ஒட்டாத வெட்டும் ஒட்டிய வெட்டு மாதிரியே இருந்து தொலைக்கும், அதுதான் வம்பு. சும்மா படுத்திருக்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும். வீட்டுக்குப் போய்த் தூக்கத்தில் கண்ணைக் கசக்கினால் வாயைத் திறக்கும். உள்ளே இருப்பது வெளியே வர வழி இருந்தால், வெளியே இருக்கும் அழுக்கு உள்ளே போகவும் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

பயிற்சிக்கு வரும் டாக்டர்களை இந்த ஒரு விஷயத்தில் அவள் ஓட ஓட விரட்டுவாள்.

"மூடிடுச்சுன்னு நெனைக்கறியா, பாத்தியா?"

"பாத்தேன் மேடம். கசியல."

"அழுத்திப் பாத்தியா?"

எதிரில் நிற்பவர் பஞ்சைத் தேடுவார். "அழுத்தாம பாத்தா அது பாத்ததுல சேத்தி இல்ல. போ, திரும்பப் பாரு."

கேண்டீனில் ஒரு பையன் டீ டம்ளர் விளிம்பை விரலால் அமுக்கிக்கொண்டே இதை அப்படியே அவள் குரலில் பேசிக் காட்டுவான். ஒருநாள் அவள் பின்னால் நின்று முழுவதையும் கேட்டாள். "குரல் சரியா இருக்கு. முகத்துல எரிச்சல் பத்தல" என்று சொல்லிவிட்டுத் தன் டீயை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு தம்பி. அவளைவிட ரொம்பவே சின்னவன். அம்மா வேலைக்குப் போன வீடு என்பதால் அவனுக்குச் சோறு ஊட்டியது, மூக்கைச் சிந்திவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு அவன் அழுவதைக் கேட்காமல் திரும்பி ஓடிவந்தது எல்லாம் அவள்தான். அவன் வளர்ந்து செல்போன் ரிப்பேர் கடை வைத்தான். இடது கண் பிறவியிலேயே மங்கல். எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. அதற்காக அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, பிரித்துப் போட்ட போனுக்கு முன்னால் குனிந்தபடி, "எப்படியும் ஒரு கண்ண மூடித்தான் பாக்கணும். எனக்கு அந்த வேலையும் மிச்சம்" என்பான். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள் என்பதற்காகவே அடுத்த ஆள் வந்ததும் இன்னொரு தடவை சொல்வான்.

மூச்சிரைப்புக்காக வருஷக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகள் அந்த ஒரே கண்ணில் சீக்கிரமே புரையைக் கொண்டுவந்துவிட்டன. திருகாணிகள் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தபோதும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் அவன் மனைவிதான் போன் செய்து சொன்னாள். வேலை முடித்துக் கொடுத்த ஒரு போனுக்குள் ஒரு திருகாணி குறைகிறது என்று ஆள் திரும்பி வந்து நின்றாராம்.

"நீதான் பண்ணணும்" என்றான் தம்பி. "வேற எவனும் என் கண்ணுல கை வெக்கக் கூடாது."

"வேற யாராவது பண்ணா உனக்கென்ன?"

"அப்ப ஒரு கண்ணோடயே காலத்த ஓட்டிக்கறேன். அதுவும் இல்லாத கண்ணோட."

ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். "ஒத்தக் கண்ணு. அதுவும் கூடப் பொறந்தவன். வேற யார்கிட்டயாவது விடும்மா."

"ஏன் சார், என் கை நடுங்கிடும்னு பாக்கறீங்களா?"

"நடுங்காது. அதான் எனக்குக் கவலை. நடுங்கினா நீயே நிறுத்திடுவ."

அவள் சிரித்துவிட்டு எழுந்து வந்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் கோபம்கூட. இத்தனை வருஷமாக ஊர்பேர் தெரியாதவர்களின் கண்ணையெல்லாம் திறந்து மூடியவளுக்குத் தன் தம்பியின் கண்ணை மூடத் தெரியாதா.

கை நடுங்கவில்லை. அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமாக ஓர் ஆபரேஷன் செய்ததில்லை என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்டு நேராக விழுந்தது. புரை பொடிப்பொடியாக வந்தது. லென்ஸ் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வெட்டின் ஓரங்களில் உப்புநீர் ஏற்றி உதடுகளை உப்ப வைத்தாள். இனி அழுத்திப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. நர்ஸ் பஞ்சு முனையை நீட்டினாள். இரண்டாவது அழுத்தலுக்கு இன்னொன்றையும் தயாராகக் கையில் வைத்திருந்தாள்.

"அக்கா, முடிஞ்சுதா?" துணிக்கு அடியிலிருந்து குரல்.

"முடிஞ்சுதுடா. அசையாத."

"வலிக்கவே இல்லக்கா. நான் எவ்வளவு பயந்தேன் தெரியுமா? ராத்திரியெல்லாம் தூங்கல."

சின்ன வயதில் அவனுக்குக் கண்வலி வந்தது. சொட்டு மருந்து விட ஆள் மாற்றி ஆள் பிடித்தும் முடியாமல், கடைசியில் அவள்தான் அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்து இமையைப் பிரித்தாள். "அக்கா வேண்டாம், நீ வேண்டாம்" என்று அவன் அலறிய அலறல் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் செய்தபோது வெறும் "வேண்டாம்" என்றுதான் கத்தினான். அவளிடம் மட்டும்தான் "நீ வேண்டாம்" என்றான். அதை அவள் மறந்திருந்தாள், அல்லது மறந்துவிட்டதாக நினைத்திருந்தாள்.

கண்ணை மரக்கவைக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தாலும் அந்த அழுத்தல் மட்டும் உள்ளே போய்ச் சுருக்கென்று பிடிக்கும். வலிக்கவே இல்லை என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறான். அந்தச் சந்தோஷம் இருக்கட்டுமே என்று தோன்றியது. அவள் பஞ்சு முனையை வெட்டின் மேல் வைத்தாள். தொட்டாள். ஈரம் தெரியவில்லை. எடுத்துவிட்டாள்.

நர்ஸ் இரண்டாவது பஞ்சை நீட்டினாள்.

"போதும்" என்றாள் அவள்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் எதையும் கீழே போடவில்லை, யார் கையும் வழுக்கவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்தபோது தம்பி எதிரே மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். படித்து முடித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தான். "அக்கா, உனக்கு இவ்வளவு நரை முடி எப்ப வந்தது?" என்றான். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

அவனைச் சோதித்த பயிற்சி டாக்டர்ப் பெண் மட்டும் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். "கண் கொஞ்சம் தளர்வா இருக்கு மேடம், உள்ள இருக்கற நீரோட அழுத்தம் கம்மி. சாயம் வெச்சுப் பாத்தேன், எதுவும் ஓடல. லேசா அழுத்திப் பாக்கட்டுமா?"

கண்ணில் ஆரஞ்சுச் சாயம் தடவி நீல வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணீரெல்லாம் பச்சையாக மின்னும். வெட்டு கசிந்தால் அந்தப் பச்சைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு இறங்கும். தானாகக் கசியாததை அழுத்திக் கசியவைத்துப் பார்ப்பது அவளே சொல்லிக்கொடுத்த பாடம்.

"வேண்டாம். மொத நாள் சில பேருக்கு அப்படி இருக்கும். அவனுக்குக் கண்ணத் தொட்டாலே ஆகாது" என்றாள்.

அந்தப் பெண் ஒரு கணம் நின்றாள். அமுக்கு டாக்டர் வாயிலிருந்தா இது வந்தது என்று நினைத்திருப்பாள். ஆனால் எந்தப் பயிற்சி டாக்டர் திரும்பிக் கேட்பாள்? "சரி மேடம்" என்று போய்விட்டாள்.

சில நாள் கழித்துத் தம்பி மனைவி போன் செய்தாள். "அண்ணி, காலையிலேர்ந்து கண்ணத் திறக்க மாட்டேங்கறார். வலி தாங்கலங்கறார். செவசெவன்னு இருக்கு." கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். வந்து உட்கார்ந்தவனின் கருவிழிக்குப் பின்னால் அடியில் வெள்ளையாகச் சீழ் படிந்திருந்தது. சாயம் வைத்தாள், விளக்கை நீலமாக்கினாள். எதுவும் ஓடவில்லை. இமையின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். அவன் "அக்கா" என்று துடித்தான். பச்சைக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு மெல்ல இறங்கியது. அவ்வளவு நேரமும் எங்கோ ஒளிந்திருந்துவிட்டு, கூப்பிட்டதும் வருகிற மாதிரி வந்தது.

அதற்குப் பிறகு ஊசி, பெரிய ஆஸ்பத்திரி, விழித்திரை டாக்டர், இன்னோர் ஆபரேஷன், இன்னும் ஒன்று. அவள் யார் யார் காலிலோ விழாத குறையாக அலைந்தாள். கிருமிகள் யாருடைய அக்கா எவ்வளவு அலைகிறாள் என்று பார்ப்பதில்லை. கடைசியில் அந்தக் கண்ணில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் மிஞ்சியது. கடையை மூடிச் சாவியை மனைவி எடுத்து வைத்தாள்.

இதில் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தலை அரிக்கிறது என்று தம்பி யாருக்கும் தெரியாமல் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுவிட்டான். ஊற்றக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவனே அழுதுகொண்டு சொல்லிவிட்டான். "நான்தான்கா கெடுத்துக்கிட்டேன். நீ இவ்வளவு நல்லா பண்ணத நான் பாழாக்கிட்டேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்த நேரத்தில் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது. தண்ணீரும் உள்ளே போயிருக்கலாம், பொய் இல்லையே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் ஒழுங்காக மூடிய வெட்டு ஒரு சொம்புத் தண்ணீருக்கு வாயைத் திறக்காது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியை அவள் பக்கத்தில் வரவிடவில்லை. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு அவனைக் கரித்துக் கொட்டினார்கள். அக்கா கண்ணைக் கொடுத்தாள், அவன் குளித்துத் தொலைத்துவிட்டான் என்பதுதான் பேச்சு. போகும்போது அவளிடம், "நீ என்னம்மா பண்ணுவ, உன் கடமைய நீ செஞ்ச" என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவள் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டியதும் ஒரு பொய்தான்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சி டாக்டர்ப் பெண் அவளைப் பார்த்தால் வேறு வழியில் போக ஆரம்பித்தாள். அவளும் அந்தப் பெண்ணை எதுவும் கேட்பதில்லை. மற்றவர்களின் வெட்டுகளை மட்டும் முன்னைவிட அழுத்தமாக அழுத்தினாள். ஒரு பெரியவர், "ஏம்மா, உங்களுக்கு என்மேல ஏதாவது கோவமா?" என்று கேட்டே விட்டார்.

இப்படியே மாதங்கள் போயின. தம்பி அவ்வப்போது போன் செய்வான். எதையாவது பேசிவிட்டு, வைக்கும்போது தவறாமல், "மன்னிச்சுக்கக்கா" என்பான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் போனை எங்காவது விட்டெறியலாம் போல இருக்கும். எறிந்தால் அதைப் பழுதுபார்க்கவும் இனி ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி வாசலிலேயே அவளை நிறுத்திக் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அண்ணி, நீங்க சொன்னாவது கேக்கறாரான்னு பாருங்க. இன்னைக்கு வரைக்கும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கல. ஈரத்துணியால தொடச்சு விட்டாக்கூட கையத் தட்டி விடறார். அதான் டாக்டர் எல்லாம் ஊத்தலாம்னு சொல்லிட்டாங்களே, இனிமே அந்தக் கண்ணுல கெட என்ன இருக்குன்னு கேட்டா, எனக்கு இதுதான் தண்டனைங்கறார்." அவள் முந்தானையைத் திருகினாள். "நானும் ஆரம்பத்துல வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கல அண்ணி. ஒரு நாள் குளிக்கலன்னா செத்தா போயிடுவீங்கன்னு கேட்டுட்டேன்."

உள்ளே அவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தான். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, "வாக்கா" என்றான். முடி காதை மூடிச் சடைபிடித்துக் கிடந்தது. பக்கத்தில் நின்றால் வாடை அடித்தது. ஒரு சீப்பைக்கூட அதற்குள் ஓட்ட முடியாது. இந்தத் தலையைத்தான் அவள் ஒரு காலத்தில் வகிடு எடுத்துச் சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். இதற்கு மேல் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீ தண்ணி ஊத்திக்கிட்டதால கண்ணு போகலடா."

"நீயும் ஆரம்பிச்சுட்டியா" என்றான்.

"சொல்றதக் கேளு. ஒழுங்கா மூடின வெட்டுன்னா நீ ஊத்தின தண்ணிக்கெல்லாம் அசஞ்சிருக்காது. அது மூடலடா. நான் அழுத்திப் பாக்கல."

அவன் சிரித்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரிப்பதைப் பார்க்கிறாள், அதுவும் இதற்கா சிரிக்க வேண்டும்.

"நீயா? அழுத்தாம விட்டியா? உன் ஆஸ்பத்திரிக்கே உன்னப் பத்தித் தெரியும். என்னைத் தேத்தறதுக்கு வேற ஏதாவது பொய் சொல்லுக்கா, இது எடுபடாது."

"பொய் இல்லடா."

"சரி, பொய் இல்ல. விடு."

"நர்ஸ் ரெண்டாவது பஞ்ச நீட்டினா. போதும்னு சொல்லிட்டேன். மறுநாள் அந்தச் சின்ன டாக்டர் அழுத்திப் பாக்கட்டுமான்னு கேட்டா. அதையும் வேண்டாம்னுட்டேன். கண்ணு தளர்வா இருக்குன்னு சொன்னா, அதையும் கேக்கல. அன்னைக்கு அழுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு தையல் போட்டிருப்பேன். முடிஞ்சிருக்கும்."

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அவள் குரலில் எது பொய் எது மெய் என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"ஏன்கா?"

"வலிக்கலன்னு சொன்ன. சந்தோஷமா சொன்ன. உனக்கு வலிக்கக் கூடாதுன்னு..." அவளால் முடிக்க முடியவில்லை.

அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"எவ்வளவு வலிச்சிருக்கும்?"

அவள் அவன் கையை எடுத்து, மணிக்கட்டுக்கு உள்பக்கம் தன் விரல் நுனியை வைத்து ஒருமுறை அழுத்தி எடுத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவன் அந்த இடத்தை இன்னொரு கையால் தடவிப் பார்த்தான்.

"நான் தாங்கியிருப்பேன்கா" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். திட்டியிருந்தால் காலைப் பிடித்திருப்பாள். அவன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னான். அவள் தரையில் உட்கார்ந்து, அந்தக் கண் போன நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். அவன் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கை மட்டும் நாற்காலியின் கைப்பிடியிலேயே இருந்தது. சின்ன வயதில் அவள் அழுதால் ஓடிவந்து மடியில் விழுவான். இப்போது அவன் வரவில்லை, வர வேண்டும் என்று கேட்க அவளுக்கும் வாய் இல்லை.

அப்புறம் அவன் உள்பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான்.

"கொஞ்சம் இங்க வா."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "என்னங்க, என்ன ஆச்சு? அண்ணி, எந்திரிங்க."

"உக்காரு" என்றான் அவன். "நீ இத்தன நாளா என்னத் திட்டிட்டமேன்னு தனியா போய் அழுதுக்கிட்டு இருந்த, எனக்குத் தெரியும். இனிமே வேண்டாம். அக்கா உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். அவ வாயால கேளு."

தம்பி மனைவி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் தோளில் கையை வைத்து, "சொல்லுங்க அண்ணி" என்றாள். அந்தக் கை அவ்வளவு ஆதரவாக இருந்தது. அது தன் தோளில் இருக்கப்போவது இன்னும் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, நர்ஸ் பஞ்சு முனையை நீட்டியதிலிருந்து ஆரம்பித்தாள். முதல் தடவையைவிட இந்தத் தடவை கஷ்டமாக இருந்தது. தம்பி முதலில் சிரித்த மாதிரி, இது பொய் என்று சொல்லித் தடுக்க இப்போது யாரும் இல்லை.